கடலடியின் தாங்குசக்தியும் கரையோர ஜனங்களின் பாத்தியதையும்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டர் பிரதேசம் 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே காக்கப்பட வேண்டியவை எவை என்றால் ஆமையும் கடற்பசுவாகிய ஆவுளியாவும் உடனே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த ஆவுளியா மேய்கின்ற கடற்புல்லும், மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமான பவளப்பாறையும், மணலை விழுங்கிச் சத்தை ஏற்று மிச்சத்தைக் கழித்து ஊர்ந்து செல்லும் கடலட்டையும், கண்ணுக்கு மறைவாக வாழ்வதாலேயே நம் கவனத்துக்கும் மறைந்து போயின. பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலத்தின் விளைவாக விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே விட்டன.

கடலடியின் சுபாவத்தை மதிப்பிடப் புகுந்தவர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு: வருகின்ற இடையூற்றை அங்குள்ள உயிர்கள் எவ்வளவு தூரம் தாங்கும், தாங்காமல் அழிந்தால் எத்தனை ஆண்டுகளில் மீளும். பிரிட்டனில் வழங்கும் மதிப்பீட்டு முறையில், இரண்டாண்டுக்குள் முழுமையாக மீளும் சமூகம் மீட்சித்திறன் மிக்கது. 25 ஆண்டு கடந்தும் மீளாதது கடைசிப் படியில் வைக்கப்படுகிறது. மேய்ந்த புல் ஒரு மழைக்குத் தளிர்க்கும், வெட்டிய பனை தளிர்க்காது என்ற வித்தியாசம் நீருக்கடியிலும் உண்டு. சிற்றிலைக் கடற்புல் விரைவில் மீண்டும் படரும். தடித்த தண்டோடு வேரூன்றிய நெடும்புல்லோ, இழுவலைப் பலகை உழுத தடத்தில் திரும்பப் பரவ வருஷக்கணக்காகும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளரும் உருண்டைப் பவளம் உடைந்தால், அதன் இழப்பை ஒரு தலைமுறை காலத்தில் ஈடுசெய்வதும் அரிது.

கலங்கல் என்பது கரையிலிருந்து பார்ப்பவருக்கு அற்ப விஷயமாகத் தோன்றும். தூர்வாருவதாலோ இழுவலையாலோ கிளம்பிய நுண்ணிய சேறு பவளத்தின்மேல் படியும்போது, அந்தச் சிற்றுயிர் வழுவழுப்பான கோழையைச் சுரந்து, சேற்றை அதில் திரட்டி, நீரோட்டத்தோடு வழிந்தோட விடுகிறது; சேறு ஓயாமல் விழுமானால், வளர்ச்சிக்கு உரிய சக்தியை எல்லாம் இந்தத் துப்புரவிலேயே செலவிட்டு, வெளிச்சமும் இழந்து, மெல்ல மடிகிறது. 2010இலும் 2016இலும் கடல் வெப்பத்தால் வெளுத்த பாறைக்கு இந்தச் சுமையும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆதலால், கச்சான் காற்றில் கடல் கலங்கும் மாதங்களை விட்டுவிட்டு, ஒரே பருவத்தில் எடுத்த கணக்கை நான் பூரண மதிப்பீடாக ஏற்கமாட்டேன். சங்கு குளிப்பவரும் பாசி எடுக்கும் பெண்களும் அறிந்ததைக் கேளாமல் எழுதிய அறிக்கையும் அப்படியே. கையால் பாசி பறிப்பதையும் விசைப்படகு இழுவலையையும் ஒரே தட்டில் வைத்து, ஏழைகளை விரட்டும் சாதனமாக மதிப்பீட்டைப் பயன்படுத்துவது பெரும் அநியாயம்.

சட்டம் மௌனமாக இல்லை. பவளத்துக்கும் கடலட்டைக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் 2001 முதல் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பவளப்பாறையையும் கடற்புல் படுகையையும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில் வைக்கிறது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின்படி, கரையிலிருந்து குறித்த தொலைவுக்குள் விசைப்படகுகள் இழுவலை விரிக்கக் கூடாது. மீறலைக் கண்டவர் இடம், நாள், நேரம், படகின் பதிவெண் ஆகியவற்றைக் குறித்து, மீன்வளத் துறைக்கும் இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

பெருந்திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு அவசியம். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தமிழிலேயே கேட்டு வாசிக்கலாம். நேரில் வர இயலாதவர் ஆட்சேபத்தை எழுதி அனுப்பலாம். கடலடியை எந்தப் பருவத்தில், எத்தனை இடங்களில் பரிசோதித்தார்கள் என்ற விவரம் அந்த அறிக்கையில் இல்லாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்தில் மனுச் செய்யலாம். பதில் தர 30 நாள் கெடு. எல்லாவற்றையும் மீறி அனுமதி வழங்கப்பட்டால், அந்த ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம், அதற்குமேல் வழியில்லை.