வீட்டு அடைசலும் மனநிலையும்

வீட்டு அடைசல் என்பது, பயன்படாத பொருட்களும் வைக்க இடம் ஒதுக்கப்படாத பொருட்களும் சேர்ந்து, வீட்டில் புழங்கும் இடத்தைக் குறைத்துவிடும் நிலையாகும். இது மனச்சோர்வு, எரிச்சல், கவனச்சிதறல் ஆகியவற்றோடு தொடர்புடையது என உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தொடர்பு இருவழிப்பட்டது. அடைசல் மனத்தைச் சோர்வடையச் செய்யலாம். சோர்ந்த மனத்தால் வீடு அடைசலாகவும் ஆகலாம். பொருட்களின் எண்ணிக்கையைவிட, அவற்றுக்கு இடமும் பயனும் உண்டா, அவற்றைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பவையே இதில் முக்கியமானவை.

நிறைந்த வீடும் அடைசலான வீடும்

பொருள் நிறைந்திருப்பதெல்லாம் அடைசல் ஆகாது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடே வேலைக்கூடம். கூடத்தின் பெரும்பகுதியைத் தறி பிடித்துக்கொள்ளும். குழித்தறியாக இருந்தால் நெசவாளர் கால் வைக்கத் தரையிலேயே பள்ளம் இருக்கும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டைகளும் தொங்கும். ஓரத்தில் ராட்டினம், தார்க்குச்சிகள், நாடாக்கள், பட்டு நூல், ஜரிகை ஆகியவை இருக்கும். மீதமுள்ள இடத்தில்தான் சமையலும் படிப்பும் உறக்கமும் நடக்கும்.

புதிதாக வருபவருக்கு இது நெரிசலாகத் தெரியலாம். ஆனால் அங்குள்ள ஒவ்வொன்றும் அன்றாடம் கை படும் பொருள்; ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. ஒழுங்கு அங்கே அழகுக்காக மட்டும் அல்ல. பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ மாஸ்டர் வீவரிடமிருந்தோ எடை போட்டு வருபவை. நெய்த சேலையும் எடை பார்த்தே வாங்கப்படும். நூல் சிக்கலானாலோ ஈரம் பட்டாலோ இழப்பு நெசவாளருக்கே. ஆகவே நூல் இருக்கும் இடத்தில் வேறு எதையும் வைக்கமாட்டார்கள்.

அதே தறி ஓடுவது நின்றுவிட்டால் நிலை மாறுகிறது. பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்விட, பெரியவருக்குக் கண்பார்வை மங்கினால், தறி வெறும் மரச்சட்டங்களாக நிற்கும். விற்கவும் மனம் வராது. நெய்யவும் ஆள் இல்லை. நேற்றுவரை சோறு போட்ட பொருள் இன்று முடிவெடுக்கப்படாத ஒன்றாகிவிடுகிறது. அளவில் அது முன்பு இருந்ததேதான். கூடியிருப்பது அதைப் பார்க்கும்போதெல்லாம் எழும் கேள்வி மட்டுமே. அடைசல் மனத்தைத் தொடும் வழி பெரும்பாலும் இதுவே.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2001 முதல் 2005 வரை 32 குடும்பங்களின் அன்றாட வாழ்வை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவ்வீடுகளில் நான்கில் மூன்று பங்கின் கார் கொட்டகைகளில், பொருட்கள் அடைந்திருந்ததால் காரை நிறுத்த முடியவில்லை.

இத்திட்டத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வை டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி ஆகியோர் 2010-இல் வெளியிட்டனர். கணவனும் மனைவியுமாக 60 பேர் தத்தம் வீட்டைச் சுற்றிக் காட்டி விவரித்தனர். வீட்டைப் பற்றிப் பேசுகையில் அடைசல், முடியாத வேலை போன்ற சொற்களை அதிகம் பயன்படுத்திய பெண்களிடம், கார்டிசால் என்னும் மன அழுத்த இயக்குநீர் பகல் முழுதும் இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. மாலைக்குள் அவர்களின் சோர்வும் கூடியிருந்தது. ஆண்களிடம் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை. வீட்டை ஒழுங்காக வைப்பது பெண்ணின் பொறுப்பு என்று கருதப்படும் இடங்களில், ஒரே அடைசல் ஒருவருக்கு வெறும் காட்சியாகவும் மற்றவருக்குச் செய்யாத வேலையாகவும் தெரிவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்முன் பல பொருட்கள் இருக்கும்போது அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011-இல் காட்டியது. தேவையற்றவற்றை ஒதுக்கிக்கொண்டே இருப்பதும் மூளைக்கு ஒரு வேலைதான்.

மாறான முடிவும் உண்டு. கேத்லீன் வோஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் நல்ல உணவைத் தேர்ந்தெடுத்தனர். கலைந்த அறையில் இருந்தவர்கள் புதுமையான யோசனைகளைக் கூடுதலாகச் சொன்னார்கள். எனவே சிறு கலைசல் எல்லாமே தீங்கு என்று கொள்ள இடமில்லை.

மனநிலையால் வரும் அடைசல்

மனச்சோர்வு நோய் உள்ளவருக்குத் துணி மடிப்பதும் பாத்திரம் எடுத்து வைப்பதும்கூட மலைப்பாக இருக்கும். துக்கம், பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, முதுமையில் வரும் மறதிநோய் ஆகியவையும் வீட்டைக் கலைக்கக்கூடும். முன்பு ஒழுங்காக இருந்த வீடு சில மாதங்களில் அடைசலாக மாறினால், அதைச் சோம்பல் என்று ஏசுவதற்கு முன் அங்கிருப்பவரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் கவனிப்பது நல்லது.

பொருள் சேர்ப்புக் கோளாறு

எந்தப் பொருளையும் கழிக்க முடியாமல், கழிக்க நினைத்தாலே கடும் வேதனை அடைந்து, படுக்கை, சமையலறை ஆகியவற்றையே பயன்படுத்த முடியாத அளவுக்குச் சேர்ப்பது பொருள் சேர்ப்புக் கோளாறு எனப்படும். முன்பு எண்ணச் சுழற்சி நோயின் ஒரு பகுதியாகக் கருதப்பட்ட இது, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு கையேட்டில் தனிக் கோளாறாக இடம்பெற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாட்டிலும் இது உள்ளது. இளமையிலேயே தொடங்கி வயது ஏற ஏறக் கூடுவது இதன் இயல்பு. இவர்களில் பலருக்கு மனச்சோர்வோ பதற்றமோ உடனிருக்கும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த ஹோமர், லாங்லி கோலியர் சகோதரர்கள் 1947-இல் தங்கள் வீட்டுக் குவியல்களுக்கிடையே இறந்துகிடந்தனர். அவ்வீட்டிலிருந்து 100 டன்னுக்கு மேற்பட்ட பொருட்கள் அகற்றப்பட்டன.

சிக்கனம் வேறு, இக்கோளாறு வேறு. எண்ணெய் டப்பாவைக் கழுவிப் பருப்பு போட்டு வைப்பதும், பழைய புடவையைத் தூளியாக்குவதும் பயன் கருதிச் செய்பவை.

போகியும் பழம்பொருளும்

தமிழர் வழக்கில் அடைசலைக் கழிக்க ஆண்டுக்கு ஒரு நாளே உண்டு. பொங்கலுக்கு முதல் நாளான போகியன்று, காஞ்சிபுரத்திலும் முசரவாக்கம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வீடு ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கப்பட்டு, பழைய பாய், துடைப்பம் முதலியவை கழிக்கப்படும். ஆயுத பூசைக்குத் தறியும் கருவிகளும் துடைத்து வைக்கப்படும். நவராத்திரிக் கொலு முடிந்ததும் பொம்மைகள் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பரணுக்குப் போகும். நாள் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால், 'எப்போது செய்வது' என்ற கேள்வி எழுவதில்லை. வீடே சேர்ந்து செய்வதால் ஒருவர் தலையில் மட்டும் சுமை விழுவதுமில்லை.

பாயும் துடைப்பமும் எரிந்த இடத்தில் பின்னர் பிளாஸ்டிக்கும் டயரும் எரியத் தொடங்கின. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமானப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. இவற்றை எரிக்க வேண்டாம் எனத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும், நல்ல துணியைத் தேவைப்படுவோருக்குக் கொடுப்பதும் தக்க வழிகள்.

குறைக்கும் முறை

ஒரே நாளில் வீடு முழுவதையும் ஒழிக்க முயல்வதைவிட, ஒரு அலமாரித் தட்டு, ஒரு டிரங்குப் பெட்டி என்று தொடங்குவது எளிது. பயன் உள்ளதா, வைக்க இடம் உள்ளதா என்னும் இரு கேள்விகளே பெரும்பாலான பொருட்களுக்குப் போதும். நினைவுப் பொருட்களைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம். தறி முழுவதையும் வைத்திருக்க முடியாதபோது நாடாவை மட்டும் வைத்துக்கொள்வது போன்ற இடைவழிகளும் உண்டு.

பெரியவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவர்களின் பொருட்களை வீசுவது நம்பிக்கையைக் கெடுக்கும். பொருள் சேர்ப்புக் கோளாறு உள்ளவரிடம் அது பெருந்துயரத்தை உண்டாக்கும். வீடும் விரைவில் மீண்டும் நிறையும். அவர்களுக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை பயன் தருகிறது. உரியவர் தாமே எடுத்துப் பார்த்து, தாமே முடிவு செய்யப் பழகுவது அச்சிகிச்சையின் முக்கியப் பகுதி. மனநல ஆலோசனைக்கு, இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.