பறவையை எண்ணு! மழையை அள!

ஜனவரி மாதக் குளிர். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை.

குளத்துக் கரை மேல் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்களில் மாணவர்கள் உண்டு, மாணவிகள் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. ஒருவர் கையிலே பைனாகுலர். இன்னொருவர் கையிலே நோட்டும் பென்சிலும்.

"முக்குளிப்பான் பதினாலு!" என்கிறது ஒரு குரல். "நாமக்கோழி முப்பத்திரண்டு!" என்கிறது மற்றொரு குரல். பென்சில் ஓடுகிறது.

வேட்டைக்கு வந்த கூட்டம் அல்ல இது. கணக்கு எடுக்க வந்த கூட்டம்!

தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கு வந்து தங்கும் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் ஜனவரி மாதம் எண்ணுகிறார்கள். 2011-ம் ஆண்டு தொடங்கிய வேலை இது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டக் குளங்களிலும் நடக்கிறது. (முன்பு நெல்லையோடு இருந்த தென்காசி, 2019-ல் தனி மாவட்டம் ஆனது.)

மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இதை முன்நின்று நடத்துகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஏட்ரீ' என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது இந்த மையம். ஆனால் குளக்கரையில் நின்று எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகள் அல்ல. பறவை பார்க்கும் ஆசை உள்ள பொதுமக்களும் மாணவர்களும்தான்.

எண்ணுவது எப்படி?

பத்துப் பறவை என்றால் யாரும் எண்ணிவிடலாம். ஆயிரம் வாத்து ஒரே கூட்டமாக மிதந்தால்?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் பத்து வாத்தை எண்ண வேண்டும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணாலே அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். நூறு தடவை வைத்தால் ஆயிரம்.

இன்னொரு சிக்கல். பறவைக்கு இறக்கை இருக்கிறது! காலையில் இந்தக் குளத்தில் எண்ணிய கூழைக்கடா, மாலையில் அடுத்த குளத்துக்குப் போய்விட்டால் ஒரே பறவை இரண்டாகிவிடும். அதனால்தான் பல குழுக்களாகப் பிரிந்து, அடுத்தடுத்த குளங்களை ஒரே சமயத்தில் முடிக்கிறார்கள்.

வகுப்பறையிலே கரும்பலகையில் எழுதிச் சொன்னால் மாணவனுக்குக் கொட்டாவி வரும் பாடம் இது. குளக்கரையில் ஒரே காலையில் புரிந்துவிடுகிறது.

'பறவையை எண்ணி என்ன ஆகப்போகிறது?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும். குளத்தில் மீன் அற்றுப்போனால் அது வராது. உள்ளானுக்குச் சேறும் கணுக்கால் அளவுத் தண்ணீரும் வேண்டும். கரையோரத்தை மண் போட்டு மேடாக்கினால் அது வராது. சங்குவளை நாரைக்குக் கூடு கட்ட மரம் வேண்டும். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டி ஏலம் விட்டால் அது வராது.

ஆக, எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்ற பட்டியலைப் பார்த்தாலே குளத்தின் உடல்நிலை தெரியும். டாக்டர் நாடி பார்ப்பது போலத்தான்! ஆனால் ஒரு வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் பறவைகள் எல்லாக் குளங்களுக்கும் பரவிப் போகும். பெய்யாத ஆண்டில் தண்ணீர் உள்ள ஒன்றிரண்டு குளத்தில் மொய்க்கும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் விடாமல் எழுதிய நோட்டுத்தான் உண்மையைச் சொல்லும்.

சாரலுக்கும் கணக்கு உண்டு

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து.

குற்றால மலையிலே பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசி வழியாக ஓடுகிறது சிற்றாறு. வழியெல்லாம் அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. மீதித் தண்ணீர் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு விந்தை தெரியும். அங்கே சாரல். ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் தூறல். கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்று. இன்னும் கிழக்கே ஆலங்குளம் பக்கம் போனால் மழை இல்லை. வெயிலும் காற்றாடி சுற்றும் காற்றும்தான்!

காரணம் என்ன? தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. மலைச் சுவரில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு வாசல் மாதிரி இருக்கிறது. அதன் வழியாக நுழையும் ஈரக்காற்றுத்தான் குற்றாலத்தின் சாரல். கிழக்கே போகப் போக ஈரம் தீர்ந்துவிடுகிறது.

பாடப் புத்தகம் இதற்கு 'மழை மறைவுப் பிரதேசம்' என்று பெயர் வைத்திருக்கிறது. மாணவன் மனப்பாடம் செய்து மார்க்கு வாங்குகிறான். ஆனால் குற்றாலத்தில் ஒரு பள்ளி, தென்காசியில் ஒரு பள்ளி, ஆலங்குளத்தில் ஒரு பள்ளி என்று மூன்றிலும் மழையை அளந்து ஒப்பிட்டால், அந்தச் சொல்லுக்கு எண்ணால் அர்த்தம் கிடைத்துவிடும்.

மழைமானிக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். மேல் பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி, புனல் போல அதே பாட்டிலில் செருக வேண்டும். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, சமமான இடம் வரை தண்ணீர் ஊற்றி, அதை '0' என்று குறிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோலை ஒட்ட வேண்டும். மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் வைக்கக்கூடாது. சுவர் எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு பங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும்.

தினமும் காலை 8.30 மணிக்குப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் வானிலை இலாகா அளக்கிற நேரமும் அதுதான்.

கிராமத்திலே பெரியவர்கள் 'ஒரு உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்பார்கள். ஏர் பிடிக்க மண் எவ்வளவு நனைந்தது என்பது அவர்கள் அளவு. அதுவும் விஞ்ஞானம்தான். அதைக் கேட்டு, பக்கத்திலே மில்லிமீட்டரையும் எழுதிவரும் பிள்ளைக்கு இரண்டு பாஷையும் வந்துவிடும்.

இதோ ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 930 லிட்டர். 15 லிட்டர் குடம் என்றால் 62 குடம்! அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளை, அன்று இரவே வீட்டில் சண்டைக்கு வரும்.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெரு வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! அதே மொட்டைமாடிக்குக் கணக்குப் போட்டால் 88,000 லிட்டருக்கு மேல் வரும்.

கீழே வெயில், மேலே மழை

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. மலை மேல் பெய்த மழையால் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு உயிர் இழந்தான்.

பள்ளிக்கூடத்து மழைமானி வெள்ளத்தைத் தடுக்காது. எச்சரிக்கை மணியும் அடிக்காது. ஆனால் அருவியில் வருவது கீழே பெய்த மழை அல்ல, மேலே பெய்த மழை என்பதைக் கையால் அளந்து தெரிந்துகொண்ட பிள்ளை, தண்ணீர் கலங்கி வரும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காது. கரை ஏறிவிடும். தகப்பனாரையும் இழுத்துக்கொண்டு ஏறும்.

காடு ஏன் வேண்டும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. மூன்று பாட்டில்களை நீளவாக்கில் வெட்டி மண் நிரப்ப வேண்டும். ஒன்றில் புல் வளர்க்க வேண்டும். ஒன்றில் காய்ந்த சருகு பரப்ப வேண்டும். ஒன்றில் வெறும் மண். மூன்றையும் சாய்த்து வைத்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால், வெறும் மண்ணிலிருந்து செம்மண் குழம்பு பாய்ந்து வரும். புல் உள்ளதிலிருந்து தெளிந்த தண்ணீர் மெதுவாகச் சொட்டும்.

மழை நின்ற பிறகும் அருவி ஓடுகிற ரகசியம் அந்தச் சொட்டில்தான் இருக்கிறது.

குற்றாலத்துக்கு மற்றொரு தொல்லை, சோப்பும் ஷாம்பும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. இதையும் சோதித்துப் பார்க்கலாம். காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்தால் சிவந்துவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பது பெண்களுக்குத் தெரியும். அதே விஷயம்தான், சோப்பிலும் காரம் இருக்கிறது.

ஆனால் ஷாம்பு தப்பித்துக்கொள்ளும்! பெரும்பாலான ஷாம்புகளில் அந்தக் காரம் இல்லை. மஞ்சள் நிறம் மாறாது. அதற்குப் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்துக் குலுக்கி, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சோதனை சொல்லாததை இன்னொரு சோதனை சொல்லும்.

சட்டம் இருக்கிறது, நோட்டு எங்கே?

சுற்றுச்சூழல் பாடத்தைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. 2003-ல் மறுபடியும் வற்புறுத்தியது. பாடம் வந்தது. கேள்வித்தாளும் வந்தது. ஆனால் போன வருஷம் அண்ணன் எழுதிய ரிக்கார்டு நோட்டைத் தம்பி பார்த்து எழுதுவது மட்டும் பல இடங்களில் நின்றபாடில்லை.

நல்ல வழியும் இல்லாமல் இல்லை. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்துவருகிறது. 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாங்களே தகவல் சேகரித்துக் கட்டுரை படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்காகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பாடுபடுகிறது. உலக அளவில் 'குளோப்' என்ற திட்டம் 1995-ல் அமெரிக்காவில் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட நாட்டு மாணவர்கள் மழை, மேகம், மண், தண்ணீர் ஆகியவற்றை ஒரே முறையில் அளந்து அனுப்புகிறார்கள். 2000-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

முறைதான் முக்கியம். மழை பெய்யாத நாளில் நோட்டில் என்ன எழுதுவது? '0' என்று எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், மழை பெய்யவில்லையா, பார்க்க ஆள் வரவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, கோடை விடுமுறை, தீபாவளி என்று எதற்கும் லீவு கிடையாது. ஆகவே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்து முதலிலேயே முறை போட்டுவிடுவது நல்லது.