உஷார்! பத்திரம் எழுதினால் விவாகரத்து ஆகிவிடாது

“அத்துவிட்டாச்சு மேடம், பத்திரம்கூட இருக்கு” என்றபடி, மடிப்பெல்லாம் நைந்துபோன இருபது ரூபாய் முத்திரைத்தாளை என் மேசைமேல் வைத்தார் அந்தப் பெண். மனமொத்துப் பிரிகிறோம், யார் மறுமணம் செய்தாலும் ஆட்சேபணை இல்லை என்று நாலு வரி. இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி, நோட்டரி முத்திரை. நகையும் பாத்திரமும் கைமாறியதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பி, மறுமணமும் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் வேலையிலிருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்குப் போனால், முதல் திருமணம் ரத்தான கோர்ட் தீர்ப்பைக் கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் முதல் கணவரின் மனைவிதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டுமே. நோட்டரிக்குக் கிடையாது, ஊர்ப் பெரியவர்களுக்கும் கிடையாது. திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ நோட்டரிகள் எழுதித் தரக்கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024 அக்டோபரில் எச்சரித்தது. “எங்க சாதியில அத்துவிடுற வழக்கம் உண்டு” என்பார்கள். வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அது காலங்காலமாக உள்ள வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதில் தோற்றவர்கள் அநேகம். மாலை மாற்றிய சுயமரியாதைத் திருமணம்தானே என்றும் அசட்டையாக இருக்காதீர்கள். அண்ணா ஆட்சியில் 1967இல் வந்த திருத்தத்தால் அதுவும் முழுச் சட்டத் திருமணம். பிரியவும் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். முஸ்லிம் பெண்களும் கவனியுங்கள்: மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவான குலாவுக்கு ஷரியத் கவுன்சில் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை நாடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது.

வெறும் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை, முதல் திருமணத்தை மறைத்திருந்தால் பத்து ஆண்டு வரை. அந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இத்தனைக்கும் நேர்வழி மலையேறுவது போலக் கடினமில்லை. ஓராண்டு பிரிந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனு போடலாம். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் பீரோவிலும் அப்படி ஒரு பத்திரம் இருந்தால் கிழித்துப்போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சியாக உதவும். எதிர்த்தரப்பு உயிரோடும் சம்மதத்தோடும் இருக்கும்போதே மனு போடுங்கள். இடையில் மறுமணம் செய்திருந்தால், அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். தீர்ப்பு கைக்கு வந்தபின் அந்தத் திருமணத்தை மறுபடி முறையாகச் செய்து பதிவு செய்யவேண்டும்.