ஒலியைக் கண்ணால் அளத்தல்

ஒலி செவிக்குரியது; எழுத்து கண்ணுக்குரியது. ஏட்டில் எழுதிய எழுத்து இன்ன ஒலி என்பதைக் காட்டுமேயன்றி, ஒருவர் அதனை எவ்வளவு நேரம் ஒலித்தார், எங்கே நிறுத்தினார், எங்கே அழுத்தினார் என்பவற்றைக் காட்டாது. அக்குறையை நீக்க முயன்றோருள் முன்னோடி, பிரெஞ்சு நாட்டவரான ஸ்காட் தெ மார்த்தன்வில் என்பவர். புகை படிந்த தாளின்மேல் ஒலியலையைக் கோடாக வரையும் பொறியை அவர் 1857ஆம் ஆண்டில் அமைத்தார். அவர் வரைந்த ஒலியைக் காணலாம், கேட்க இயலாது. 1860இல் அவர் பதிந்த பாட்டொன்றை அறிஞர்கள் கணிப்பொறியின் துணைகொண்டு 2008இல்தான் ஒலிக்கச் செய்தனர்.

இன்று காண்பதும் கேட்பதும் ஒரே திரையில் நிகழ்கின்றன. ஒலிப்பதிவு மென்பொருள்களுள் விலையின்றிக் கிடைப்பதும் பள்ளிகளில் எளிதில் பயன்படுத்தத்தக்கதும் ஆடாசிட்டி என்பதாகும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவர் தொடங்கிய இக்கருவி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஜொகூர் மாநிலத் தமிழர்க்கு இக்கருவியால் ஆகும் பயன் பெரிது. குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாயின, சில குடியிருப்புகளாயின. லயத்து வீடுகளில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அங்கே பாடப்பட்ட தாலாட்டும் ஒப்பாரியும் வேலைப் பாட்டும் முதியோர் நாவிலும் பழைய ஒலிநாடாக்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்நாடாக்களைக் கணிப்பொறிக்கு மாற்றித் திருத்தும் பணி ஆசிரியர் கைக்கு வரும்பொழுது, திருத்தும் சாளரத்தில் வழியறிந்து நடத்தல் இன்றியமையாததாகும். ஒரே படியாக உள்ள ஒலியை வெட்டிவிட்டால் அதனை மீண்டும் பாட ஆள் இல்லை.

சாளரத்தில் தெரிவது யாது?

திரையில் இடமிருந்து வலமாகச் செல்வது காலம். நடுக்கோட்டிற்கு மேலும் கீழுமாக எழுந்து தாழ்வது ஒலியின் வலிமை. கணிப்பொறி ஒலியை இடையறாத கோடாகப் பதிவதில்லை. ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிகிறது. அரைமணி நேரப் பதிவில் 7 கோடியே 93 லட்சத்து 80 ஆயிரம் அளவைகள் உள்ளன. திரையின் அகலமோ 1,920 புள்ளிகளே என்று கொள்வோம். பதிவு முழுவதையும் திரைக்குள் அடக்கினால், ஒரு புள்ளியின் அகலத்தில் ஏறத்தாழ ஒரு வினாடி அடங்கிவிடும். ஒரு சொல்லோ இரு சொல்லோ ஒரு புள்ளிக்குள் ஒடுங்கும். அங்கே எழுத்தைத் தேடுதல், நாட்டின் வரைபடத்தில் தோட்டத்துக் கிணற்றைத் தேடுதல் போலாம். இரண்டு வினாடி மட்டும் திரையை நிரப்புமாறு விரித்தால், ஒரு புள்ளி வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அப்பொழுது எழுத்துகளின் எல்லை புலப்படும். மேலும் விரித்தால் ஒவ்வோர் அளவையும் தனித்தனிப் புள்ளியாகவே தோன்றும்.

ஈண்டு ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். விரிப்பதால் ஒலி நீள்வதில்லை, சுருக்குவதால் குறைவதுமில்லை. மாறுவது காட்சி ஒன்றே.

விரித்தலும் சுருக்குதலும்

2021இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு வரிசையில் இதற்குரிய விசைகள் எளியவை. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 1ஐத் தட்டினால் காட்சி விரியும். 3ஐத் தட்டினால் சுருங்கும். 2ஐத் தட்டினால் இயல்பு நிலைக்கு வரும். கண்ட்ரோலுடன் எஃப் எழுத்து, பதிவு முழுவதையும் திரைக்குள் அடக்கும். ஒரு பகுதியைச் சுட்டியால் தேர்ந்துகொண்டு கண்ட்ரோலுடன் ஈ எழுத்தைத் தட்டினால் அப்பகுதி மட்டும் திரையை நிரப்பும். கண்ட்ரோலை அழுத்தியவாறு சுட்டியின் உருளையைச் சுழற்றினும் காட்சி விரிந்து சுருங்கும். ஷிப்ட் விசையுடன் சுழற்றினால் பக்கவாட்டில் நகரலாம். ஹோம், எண்ட் விசைகள் முறையே தொடக்கத்திற்கும் முடிவிற்கும் கொண்டு செல்லும்.

இவற்றைப் பயன்படுத்துவதற்கும் ஒரு முறையுண்டு. முதலில் முழுமையைக் காண்க. பாட்டு எங்கே, பேச்சு எங்கே, வெற்றிடம் எங்கே என்று அறிக. பின்னர் வேண்டிய பகுதியைத் தேர்ந்து விரிக்க. விரித்ததைச் செவியால் கேட்டு உறுதி செய்க. வேலை முடிந்ததும் மீண்டும் முழுமைக்குத் திரும்புக. இவ்வாறு திரும்பாதவர் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை மறப்பர். தேர்ந்த பகுதியின் ஒரு முனை திரைக்கு வெளியே கிடப்பதை அறியாமல் நீக்கிவிட்டால், காணாத பகுதியும் சேர்ந்தே போகும்.

மாத்திரையும் அலையும்

தமிழாசிரியர்க்கு இச்சாளரம் மற்றொரு வகையிலும் பயன்படும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரையை வரையறுத்தது தொல்காப்பியம். இலக்கண நூலார் நொடிப்பொழுதையும் நுணுகி நோக்கினர். விரலை நொடிக்க நினைப்பது முதல் ஓசை பிறப்பது வரை அதனை நான்கு கூறாக்கினர். கருவியின்றி அவர்கள் செய்ததும் ஒருவகை விரித்துக் காண்டலே.

மாணவன் ஒருவனைப் 'படம்', 'பாடம்' என இரு சொற்களையும் ஒரே விரைவில் சொல்லச் செய்து பதிந்து விரித்தால், முதலுயிரின் நீள வேறுபாடு கண்முன் நிற்கும். 'படு', 'பட்டு' என்பவற்றை ஒப்பிட்டால் வேறொன்று விளங்கும். 'பட்டு' என்பதன் நடுவே அலை படுத்து, ஒலியற்ற இடைவெளி தோன்றும். நா அண்ணத்தில் ஒட்டி நிற்கும் காலம் அது. 'படு' என்பதில் அத்தகைய நீண்ட இடைவெளி இல்லை. ஒற்றெழுத்தை விழுங்கும் பிள்ளைக்கு இதனைத் திரையில் காட்டினால், பிழையைத் தானே உணர்வான். ஆயினும், ஒருவர் பேச்சை மற்றொருவர் பேச்சோடு ஒப்பிட்டு மாத்திரை கணித்தல் பொருந்தாது. விரைவு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

வெட்டுமிடம்

அலை உயர்ந்து நிற்கும் இடத்தில் வெட்டி ஒட்டினால், இரு முனைகளும் வெவ்வேறு உயரத்தில் சேர்ந்து, 'டக்' என்ற ஓசை எழும். ஆகலின் அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டுதல் வேண்டும். தேர்ந்த பகுதியின் முனைகளை அத்தகைய புள்ளிகளுக்கு நகர்த்த இசட் என்னும் ஒற்றை விசை உண்டு. தவறு நேர்ந்தால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்ந்து அதனை மீட்கும். எனினும் மூலப்பதிவின் படியொன்றை வேறிடத்தில் காத்து, திருத்தியதை வேறு பெயரில் சேமித்தலே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. மிக விரித்து நோக்கும் கண்ணுக்கு வெற்றிடமெல்லாம் குறையாகவே தோன்றும். ஒப்பாரி பாடும் மூதாட்டி இடையே மூச்சை நிறுத்துகிறாள்; உயிரொலியை அளபெடையாக நீட்டுகிறாள்; விம்முகிறாள். அலையில் அவை வெறும் கோடும் சிதறலுமே. அவற்றை நீக்கினால் பதிவு தூய்மையாகும், துயரம் போய்விடும். எதை வெட்டலாம் என்று கண் காட்டும். எதை வெட்டலாகாது என்று செவியே சொல்லும். பாட்டு முழுவதையும் ஒருமுறை கேட்டு முடிக்கும் வரை கத்தரியைத் தொடாதிருத்தலே இப்பணியின் முதல் விதியாம்.