தோளைத் தேற்றியது கத்தியா, பயிற்சியா?

துணி காயப்போட்ட மூங்கில் கழியை அம்மாவால் தூக்க முடியாமல் போன அன்றுதான், வீட்டில் அவரது வலது தோளைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தலைவாரும்போது முகம் சுளித்திருக்கிறார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையும் நிறுத்தியிருக்கிறார். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

மருத்துவர் சொன்ன பெயர் ‘ஷோல்டர் இம்பிஞ்மெண்ட்’. தோளின் உச்சியில் கூரைபோல நீண்டிருக்கும் எலும்புக்குக் கீழே ஒரு குறுகிய இடைவெளி உண்டு. கையை உயர்த்த உதவும் தசைநாண்களும் உராய்வைக் குறைக்கும் திரவப் பையும் அங்கேதான் இருக்கின்றன. கையைத் தூக்கும்போது இவை அந்த எலும்பில் உரசி நசுங்குவதால் வலிக்கிறது என்று 1972ல் விளக்கியவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்ல்ஸ் நீர். எலும்பின் அடிப்பகுதியைச் சீவி இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சையையும் அவரே விவரித்தார். இப்போது அதைச் சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள்.

பலதுறை மருந்தகத்தில் முதலில் பிசியோதெரபிக்குத்தான் அனுப்பினார்கள். அம்மா இரண்டு வாரம் போனார். “ரப்பர் பட்டையை இழுத்தால் தோள் சரியாகிடுமா?” என்று விட்டுவிட்டார். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கியது. கடைசியில் அறுவை சிகிச்சை.

அன்று மாலையே வீடு திரும்பினார். இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். உண்மையான வேலை மறுநாள்தான் தொடங்கியது. முன்னால் குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, கடிகார ஊசல்போல் மெல்ல ஆட்டவேண்டும். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூக்கம். தோள் இறுகிவிடக்கூடாது என்பதால் ஸ்லிங்கைச் சில நாள்களிலேயே கழற்றச் சொன்னார்கள். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கவில்லை. மேல் அலமாரியை எட்ட மூன்று மாதம், மூங்கில் கழியைத் தூக்க ஐந்து மாதம். இம்முறை ஒரு நாள்கூடப் பயிற்சியை விடவில்லை. “இவ்வளவு செலவு பண்ணியாச்சே!”

பின்னர் வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தேடிப் படித்தபோது திகைத்தேன். பிரிட்டனில் 313 பேரிடம் நடந்த ஆய்வு, 2018ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. சிலருக்கு எலும்பைச் சீவினார்கள். சிலருக்குத் துளையிட்டுப் பார்த்ததோடு சரி. மற்றவர்களுக்குச் சிகிச்சையே இல்லை. முதல் இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசமே தெரியவில்லை. சிகிச்சை பெறாதவர்களுக்கும் வலி குறைந்தது, மற்றவர்களைவிடச் சற்றே குறைவாக. அதே ஆண்டு ஃபின்லாந்து ஆய்விலும் எலும்பைச் சீவியதால் தனிப் பயன் தெரியவில்லை. 2019ல் ‘பிஎம்ஜே’ இதழின் நிபுணர் குழு, இந்த அறுவை சிகிச்சை வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைத்தது.

அப்படியானால் அம்மாவைத் தேற்றியது கத்தியா, ஐந்து மாதப் பயிற்சியா, வெறும் காலமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலிலேயே அந்தப் பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்திருக்கலாம் என்பது மட்டும் உறுதி.

ஆனால், எல்லாத் தோள்வலியும் இதுவல்ல. கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். கிழிசலைத் தைத்தால், ஸ்லிங் மட்டுமே நான்கு முதல் ஆறு வாரம் போடவேண்டியிருக்கும்.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்குமுன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “தசைநாண் கிழிந்திருக்கிறதா? இன்னும் சில மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா?”

அம்மாவின் ரப்பர் பட்டை இன்னும் சமையலறைக் கதவுப்பிடியில் தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் பத்து முறை இழுக்கிறார்.