கர்னல் என்றால் பருப்பு!

"கர்னல்" என்ற சொல் காதில் விழுந்தால் நமக்கு யார் நினைவு வரும்? விறைப்பாக நிற்கும் பட்டாள அதிகாரிதான்!

ஆனால், இங்கிலீஷில் அதே ஓசையில் இன்னொரு சொல் இருக்கிறது. எழுத்து வேறு. பொருளும் வேறு. அதன் பொருள் என்ன தெரியுமா? பருப்பு!

பட்டாளக் கர்னலுக்கும் இந்தக் கர்னலுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. முன்னது, படை வரிசையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பின்னது பழைய இங்கிலீஷ் சொல். தானியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. சின்னஞ்சிறு விதை என்பது அதன் முதல் பொருள்.

இந்தச் சின்ன விதை எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்!

கொட்டைக்குள்ளே...

முந்திரிக் கொட்டையை அப்படியே கடித்துத் தின்ன முடியுமா? முடியாது. அதன் ஓட்டில் ஒருவகை எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்துவிடும். முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ, எண்ணெயையோ பூசிக்கொள்வது அதனால்தான்.

அவ்வளவு பாடுபட்டு ஓட்டை உடைத்தால், உள்ளே வெள்ளைப் பருப்பு! அதுதான் கர்னல்.

வெளியே ஓடு. உள்ளே பருப்பு. விஞ்ஞானிகளுக்கு இந்த அமைப்பு பிடித்துப் போயிற்று. ஒரு பொருளின் நடுவே முக்கியமான பகுதி எதையாவது கண்டால், அதற்குப் பருப்பின் பெயரையே வைத்தார்கள்.

உயிருக்குள்ளே...

ராபர்ட் பிரவுன் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டுத் தாவர விஞ்ஞானி. 1831-ம் ஆண்டு ஆர்க்கிட் செடிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தார். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வட்டமான புள்ளி ஒன்று தெரிந்தது. அதற்கு "நியூக்ளியஸ்" என்று பெயர் சூட்டினார். அது லத்தீன் சொல். அதற்கும் பருப்பு என்றுதான் பொருள்!

1911-ம் ஆண்டு ரூதர்போர்டு என்ற விஞ்ஞானி, அணுவின் நடுவிலும் அப்படி ஒரு பகுதி இருப்பதை உலகுக்குச் சொன்னார். அதற்கும் அதே பெயர் வந்தது.

அணுவைக் கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினாலும், அந்தப் பருப்பு ஒரு பட்டாணிக்கு மேல் இராது! ஆனால், அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பிளந்தால் என்ன ஆகும் என்பதை, 1945-ல் ஹிரோஷிமா நகரம் எரிந்தபோது உலகம் கண்டது.

ஐரோப்பியர் இதைப் பருப்பு என்றார்கள். தமிழர் என்ன சொன்னார்கள்? "கரு" என்றார்கள். அணுக்கரு! அவர்களுக்கு நினைவு வந்தது கொட்டை. நமக்கு நினைவு வந்தது தாயின் வயிறு.

கம்ப்யூட்டருக்குள்ளே...

கம்ப்யூட்டரிலும் ஒரு கர்னல் உண்டு. அது கையால் தொடக்கூடிய பொருள் அல்ல. கட்டளைகளின் தொகுப்பு. எந்த வேலையை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று தீர்மானிப்பது அதுதான். நாம் தரும் கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் பகுதிக்கு "ஷெல்" என்று பெயர். ஷெல் என்றால் ஓடு! இங்கேயும் ஓடும் பருப்பும்தான்.

1991-ம் ஆண்டு பின்லாந்தில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தாமாகவே ஒரு கர்னல் எழுதினார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். கர்னலின் பெயர் லினக்ஸ். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார். இன்று உங்கள் சட்டைப்பையில் ஆண்டிராய்டு போன் இருந்தால், அதற்குள் இருப்பது அந்தக் கர்னல்தான்!

சாதாரணப் புரோகிராம்களின் பருப்பு கர்னலிடம் வேகாது. வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால், காவல் காக்கும் சில புரோகிராம்களுக்கு மட்டும் உள்ளே இடம் உண்டு.

அப்படிப்பட்ட காவல்காரனே தவறு செய்தால்?

2024 ஜூலை 19-ந் தேதி அதுதான் நடந்தது. ஒரு காவல் புரோகிராமுக்கு வந்த புதுக் கோப்பில் பிழை இருந்தது. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன! விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஓட்டில் கீறல் விழுந்தால் ஓட்டோடு போகும். பருப்பு கெட்டால் எல்லாம் கெடும்!

இன்று வீட்டில் பாயசமா? முந்திரிப் பருப்பு ஒன்று கரண்டியில் அகப்பட்டால், வாயில் போடும் முன்பு அதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். "அணுவுக்கும் போனுக்கும் பெயர் கொடுத்தது இதுதான்" என்று சொல்லுங்கள். பிறகு, அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்!