வடகரைக் குறிப்புகள் – 14: தேனீக்குப் பட்டா தேவையில்லை

ஈஸ்டருக்கு முந்தைய இரவு கத்தோலிக்க ஆலயங்களில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். வெளியே மூட்டிய புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றிக்கொண்டு குருவானவர் இருட்டுக்குள் நடந்து வருவார். அந்த ஒற்றைத் திரியிலிருந்து மக்களின் கைத்திரிகளுக்கு நெருப்பு பரவும். அப்போது பாடப்படும் பாஸ்கா புகழுரையில் ஒரு சின்னஞ்சிறு உயிருக்கு இடம் உண்டு. அது தேனீ. திரியின் மெழுகு தேனீக்களின் உழைப்பு என்பதைப் பல நூற்றாண்டுகளாகத் திருச்சபை அந்த இரவில் நினைத்துப் பார்க்கிறது.

சென்னையின் வடகரையிலுள்ள ராயபுரத்தில் அந்தத் திரி எரியும்போது அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது. ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழைய பெயர். மீனவரான அந்தச் சீடரின் பெயரால்தான் ஊருக்கே பெயர். 1829-இல் எழுந்த புனித ராயப்பர் ஆலயம், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மசூலாப் படகு ஓட்டியவர்கள் தங்கள் உழைப்பில் சேர்த்த பணத்தால் கட்டியது. பிறகு துறைமுகம் வந்தது, படகுக்காரர்களின் பிழைப்பு போனது. துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வரும் மணல் மெரினா பக்கமே தங்கிவிட்டது. மணல் வராத ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. நகரம் காற்று வாங்கும் மெரினாவின் அகலத்தில் வடகரை இழந்த நிலமும் இருக்கிறது.

நிலத்தை இழந்தவர்களுக்குத் திருச்சபை என்ன செய்ய முடியும்? இந்த வாரம் அதற்கு ஒரு பழைய பதிலைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பதில் ஒரு மரப்பெட்டி.

இன்று உலகெங்கும் புழங்கும் தேன்பெட்டியின் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் போதகர். அடைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடைவெளி விட்டால், தேனீ அதை மெழுகால் அடைக்காது, நடக்கும் வழியாக விட்டுவைக்கும் என்பதை 1851-இல் அவர் கண்டறிந்தார். அந்த ஒரு கண்டுபிடிப்பால், கூட்டை அழிக்காமல் சட்டம் சட்டமாக வெளியே எடுத்துத் தேனைப் பிரிக்க முடிந்தது.

ஆனால் அவருடைய பெட்டி மேலைநாட்டுத் தேனீக்கானது. நம் ஊர் மரப்பொந்துகளிலும் புற்றுகளிலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் அடுக்குத் தேனீ உருவில் சிறியது, கூட்டமும் சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியை 1910-ஐ ஒட்டித் திருச்சியில் வடிவமைத்தவர் நியூட்டன் என்ற கத்தோலிக்கக் குருவானவர். கீழே புழு வளர ஏழு சட்டங்கள் கொண்ட அறை, மேலே தேனுக்குத் தனி அறை. 1911 முதல் 1917 வரை அவர் ஊர் மக்களுக்குத் தேனீ வளர்க்கப் பயிற்சியும் கொடுத்தார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தப் பெட்டிக்கு இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றுதான் பெயர்.

அந்தப் பெட்டியை ஏழையின் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோன இடம், அன்றைய திருவிதாங்கூரின் மார்த்தாண்டம். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராக உயர்ந்த முதல் இந்தியர் சேலத்துக்காரரான கே.டி. பால். இளைஞர் சங்கம் நகரத்தில் மட்டும் இருந்தால் போதாது, கடனில் மூழ்கிய கிராமத்துக்கும் போக வேண்டும் என்று அதைத் திருப்பியவர் அவர். அந்த வழியில் 1920-களில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார் அதே சங்கத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச். கோழி வளர்ப்பு, முட்டை விற்பனைக்குக் கூட்டுறவு, இவற்றோடு தேனீ வளர்ப்பும் அங்கே கற்றுத்தரப்பட்டது.

அது எந்த மண் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்ட மண் அது. 1859-இல் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் அந்தப் போராட்டம் ஓய்ந்தது. உடலை மறைக்கும் உரிமை கிடைத்தபின்னும் வயிற்றுப்பாடு மீதியிருந்தது. பனையேறிக்கும் கூலிக்காரருக்கும் சொந்த நிலம் கிடையாது. தேனீ வளர்க்க நிலம் வேண்டியதில்லை. வீட்டு ஓரத்தில் ஒரு கால் நடும் அளவு இடம், எறும்பு ஏறாமல் இருக்கக் காலைச் சுற்றி ஒரு கிண்ணம் தண்ணீர், வாரம் ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுமை, இவை போதும். பண்ணையாரின் தோப்பில் பூத்த பூவின் தேன் கூலிக்காரியின் பெட்டிக்கு வந்து சேரும். எல்லைக்கல்லைத் தேனீ மதிப்பதில்லை. பூக்கிற எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு, அதை வளர்ப்பவருக்கும் உண்டு.

பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகின. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் மாதங்களில் ரப்பர் இலைக்காம்பில் ஊறும் இனிப்பு நீரைத் தேடிப் பெட்டிகள் ஊர் ஊராகப் பயணம் போயின. 1991-92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே செத்தன, பெட்டிகள் காலியாயின. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. வாடிக்கையும் கூட்டுறவும் பயிற்சியும் ஊரில் வேரூன்றி இருந்ததால்தான் அந்த மீட்சி நடந்தது. பெட்டியை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அந்த நோயோடு கதை முடிந்திருக்கும்.

இதே பெட்டி ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் வரலாமா? ஆலயத்து மொட்டைமாடி இருக்கிறது. காசிமேட்டில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. முருங்கை, புங்கம், வேம்பு, தென்னை எல்லாம் இந்தக் கரையில் பூக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் மிஞ்சியிருக்கும் வெண்கண்டல் நல்ல தேன் தரும் மரம்.

ஆனால் பெட்டியை வைக்குமுன் காற்றைப் பார்க்க வேண்டும். 2020-இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்று உண்டு. நகரின் வெவ்வேறு இடங்களில் மூன்று ஆண்டுகளாக 1,800-க்கும் மேற்பட்ட மலைத்தேனீக்களை ஆராய்ந்தார்கள். மாசு மிகுந்த இடங்களில் தேனீக்கள் பூவுக்கு வருவதே குறைந்திருந்தது. உடலில் நச்சு உலோகத் துகள்கள் ஒட்டியிருந்தன, இதயத் துடிப்பு சீர்கெட்டிருந்தது. அங்கே பிடித்த தேனீக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 24 மணி நேரத்துக்குள் இறந்தன.

எண்ணூரில் அடுக்குத் தேனீ இரைதேடும் தூரத்துக்கு, சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு, ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆறு அதற்குள் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயை மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளிய கழிமுகம் வரும். அதே மாதம் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமியில் மாண்டவர்களின் 19-ஆம் ஆண்டு நினைவு நாள். அன்று இரவு கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குக் கால் இருந்தது, ஓடினார்கள். பெட்டிக்குள் முட்டையிடும் ராணித் தேனீயால் அப்படி நொடியில் ஓட முடியாது. அதை விட்டுப் பணித் தேனீக்களும் எளிதில் போகமாட்டா.

ஆகவே வடகரைக்குத் தேன்பெட்டி வேண்டாம் என்கிறேனா? இல்லை, வேண்டும் என்கிறேன், வேறொரு காரணத்துக்காக. கனடாவின் வான்கூவரில் நகரத்துப் பெட்டிகளின் தேனை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். துறைமுகமும் போக்குவரத்து நெரிசலும் உள்ள பகுதிகளை நெருங்க நெருங்கத் தேனில் ஈயம் போன்ற உலோகங்களின் அளவு கூடியிருந்தது. ஒவ்வொரு தேனீயும் வீட்டுக்கு வீடு, செடிக்குச் செடி போய் மாதிரி எடுத்து வருகிறது. அந்தச் சாட்சியத்தை எந்த ஆலை வாசலிலும் தடுத்து நிறுத்த முடியாது.

வடகரையின் பங்குகளுக்கும் சபைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பாராமல் சேர்ந்து செய்யுங்கள். இத்தாலியத் தேனீ எனப்படும் மேலைநாட்டுத் தேனீயை வாங்கி வராதீர்கள், இந்த மண்ணின் அடுக்குத் தேனீயை வையுங்கள். பெட்டி ஆலயத்தின் சொத்தாக வேண்டாம். மீன் விற்கும் பெண்களின் குழுக்களுக்குச் சொந்தமாகட்டும், கணக்கும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். மார்த்தாண்டம் கற்றுத்தந்த முதல் பாடம் அது. ஆய்வகத்தில் சோதிக்காத தேனை யாருக்கும் விற்காதீர்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். சோதனை முடிவை ஞாயிறு பூசைக்குப்பின் ஆலய வாசலில் ஒட்டுங்கள். தேனில் உலோகம் இருந்தால், அதே தாளை எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மசூதிக்காரரையும் கோயில்காரரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அந்தக் காற்று எல்லோருக்கும் பொது.

பெட்டி கொடுப்பது இரக்கம். தேனீ உயிரோடு திரும்பி வரும் காற்றைக் கேட்டு வாங்குவதுதான் நீதி. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால், அடுத்த பாஸ்கா இரவில் தேனீயின் உழைப்பைப் பாடும் தகுதி நமக்கு இருக்காது.

(தொடரும்)